காலுக்குப் பெரிய துளை

நேற்று மதியம் நான் சத்தம் போட்டேன். ஆறு மாதமாக என்னோடு இந்த வரைபட அறையில் வேலை செய்யும் நீங்கள் மூவரும் அதை முதல் தடவையாகக் கேட்டீர்கள். உங்களில் ஒருவர் புதிதாக வந்த கெப்பாசிட்டரின் மாதிரியை மின்சுற்றுப் போர்டின் துளைகளில் இறக்கிப் பார்த்து, "சுலபமா இறங்குதுலா, ஓகேதான்" என்று சொல்லி, மாற்றப் படிவத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். நான் படிவத்தை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். பிடுங்கியது தவறு. சத்தம் போட்டதற்குக் காரணம் இருக்கிறது.

இந்த வெள்ளிக்கிழமையோடு நான் வேலையை விடுகிறேன். முப்பத்திரண்டு வயதில் ஓய்வா என்று கீழ்த்தளத்தில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். ஒப்படைக்க வேண்டியவற்றைப் பட்டியல் போட்டு உங்கள் மேசையில் வைத்துவிட்டேன். நாற்பத்தொரு வரிகள், ஒவ்வொன்றுக்கும் கோப்பு எண் உண்டு. கோப்பு எண் இல்லாத ஒன்று மிச்சமிருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், நமக்கெல்லாம் தெரியும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் மூன்று விஷயங்கள்.

ஒன்று: துளை, அதில் இறங்கும் உதிரியின் கம்பிக் காலைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்க வேண்டும். இடைவெளி அதிகமானால், அடியிலிருந்து அலையாக மேலே வரும் உருகிய ஈயம் அங்கே நிற்காமல் திரும்ப வழிந்துவிடும். காலைச் சுற்றிப் பிறை போல ஒரு பொத்தல் மிஞ்சும்.

இரண்டு: ஒரு பக்கம் மட்டும் செப்பு உள்ள மலிவு போர்டில் துளையின் உள்சுவரில் ஈயம் பிடிக்காது. அடியில் துளையைச் சுற்றியிருக்கும் செப்பு வளையம், நாம் பேட் என்று சொல்வது, அது ஒன்றுதான் பிடி. உதிரியின் முழுக் கனமும் அதில்தான் தொங்குகிறது.

மூன்று: துளை சிறிதாகிவிட்டால் அன்று காலையே தெரிந்துவிடும், கால் இறங்காது, எல்லோரும் நம்மைத் திட்டுவார்கள். துளை பெரிதாகிவிட்டால் யாரும் திட்டமாட்டார்கள். மாதங்கள் கழித்து எங்கோ ஒரு வாடிக்கையாளரிடம் அது உடையும். அதற்குள் திட்டு வாங்குவதற்கு வேறொருவர் கிடைத்திருப்பார்.

மூன்றாவது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அதை நான் எப்படிக் கற்றேன் என்பதைக் கேளுங்கள்.

தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலம் இன்னும் கட்டி முடியாத காலம். நான் படிப்பு முடித்து நேரே இங்கே சேர்ந்தேன். வயது இருபத்திரண்டு, வரைபட அறையில் ஒரே பெண். உங்களுடைய கணினி அப்போது கிடையாது. தெளிந்த படலத்தின் மேல் கறுப்பு நாடாவை ஒட்டிக் கோடு போடுவோம். பேட் எல்லாம் சின்னச் சின்ன வட்ட ஒட்டிகள். ஒரு மின்வழங்கி போர்டு என் பொறுப்பில் இருந்தது. அதில் கட்டைவிரல் பருமனில் கனமான கம்பிச்சுருள், காயில், ஒன்று, இரண்டே கால்கள். கால் 1.2 மில்லிமீட்டர், துளை 1.5. எனக்கு முன்னால் இருந்தவர் வரைந்தது. சரியாகத்தான் வரைந்திருந்தார்.

கொள்முதல் பிரிவு காயிலை வேறொரு நிறுவனத்திடம் வாங்கத் தொடங்கியது. மாற்றப் படிவம் என் மேசைக்கு வந்தது. நான் பட்டியல் போட்டு வேலை செய்பவள். அன்றும் போட்டேன். கால்களுக்கு இடையே உள்ள தூரம், சரி. உயரம், சரி. கால்களின் எண்ணிக்கை, சரி. துளையில் இறங்குகிறதா, இறங்குகிறது. நான்கிலும் குறி போட்டேன். காலின் பருமன் படிவத்தில் ஒரு கட்டமாக இல்லை. நானாக ஒரு கட்டம் சேர்க்கவும் இல்லை.

இன்னும் சொல்கிறேன். பழைய காயிலைக் கட்டைவிரலால் அழுத்தித்தான் இறக்க வேண்டும். உதிரி செருகும் பெண்கள் விரல் வலிக்கிறது என்று புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். புதியது தானாகவே விழுந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தப் பெண்களுக்கு ஒரு நல்லது செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். புதிய கால் 0.8 மில்லிமீட்டர் என்று எனக்குத் தெரியாது. அளக்கவில்லை. காலிப்பர் என் மேசை இழுப்பறையில் இருந்தது.

இனி அஞ்சலை. டச்-அப் வரிசையில் வேலை செய்தவர். ஈய அலையைத் தாண்டி வரும் போர்டுகளில் குறை உள்ள இடங்களைச் சூட்டுக்கோலால் கையால் திருத்தும் வரிசை அது. ஆறு பெண்கள். அஞ்சலை கடலுக்கு அந்தப் பக்கம் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து விடியுமுன் கிளம்பி, பஸ், ஃபெர்ரி, பிறகு தொழிற்சாலை பஸ் என்று வருவார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். அந்த வரிசையில் அவர் கைக்கு ஈடு கிடையாது. புதிதாகச் சேரும் பெண்களை அவர் பக்கத்தில்தான் உட்கார வைப்பார்கள்.

அந்த வரிசையில் ஒரு வழக்கம் இருந்தது. யார் திருத்திய போர்டு என்று தெரிய, ஓரத்தில் ஒவ்வொருவரும் தங்கள் நிறத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். கம்பெனி கொடுத்த பேனாக்களின் மை கை பட்டு அழிந்துபோனதால், பெண்கள் சொந்தமாக நகப்பாலிஷ் வாங்கி வந்தார்கள். லிட்டில் இந்தியாவில் ஒரே கடையில், ஆறு பேரும் சேர்ந்து போய், ஆளுக்கு ஒரு நிறம். அஞ்சலைக்கு அடர் மெரூன்.

புதிய காயில் வந்ததும் ஒவ்வொரு போர்டிலும் அந்த இரண்டு கால்களைச் சுற்றிப் பிறைப் பொத்தல். மற்ற ஐந்து பேரும் ஈயம் வைத்துப் பார்த்தார்கள். பொத்தல் மூடவில்லை, பரிசோதனை மேசை போர்டைத் திருப்பி அனுப்பியது. அஞ்சலை மட்டும் ஒரு வழி கண்டுபிடித்தார். கோலின் நுனியால் காலை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து, செப்போடு ஒட்டவைத்து, அதன் மேல் ஈயத்தை மூடி போலக் கவிழ்த்துவிடுவார். பளபளவென்று உருண்டையாக இருக்கும். பரிசோதனை மேசை ஒவ்வொன்றையும் ஏற்றுக்கொண்டது. வரிசைத் தலைவி ரொஸ்னா, எல்லோரும் கக் ரொஸ்னா, ரொஸ்னா அக்கா, என்று கூப்பிடும் மலாய்க்காரப் பெண், காயில் போர்டுகளையெல்லாம் அஞ்சலையின் மேசைக்கே தள்ள ஆரம்பித்தார். வேறு என்ன செய்வார்? வரிசை நிற்கக் கூடாது.

நான்கைந்து மாதங்களில் போர்டுகள் திரும்பி வந்தன. பெட்டி பெட்டியாக. காயிலின் காலைச் சுற்றி ஈயத்தில் வட்டமாக மயிரிழை விரிசல். மூடிக்குக் கீழே வெற்றிடம். கனமான காயில் அசைய அசைய மூடி உடைந்திருந்தது.

தரக் கட்டுப்பாட்டு மேலாளர் தேவராஜன் திரும்பி வந்தவற்றை நிறவாரியாகப் பிரித்தார். அட்டவணை வரைந்து கேன்டீன் வழியில் ஒட்டினார். ஆறு நிறங்கள், ஆறு பெயர்கள். மெரூன் கூரையைத் தொட்டது. மற்றவை தரையில் கிடந்தன. அஞ்சலைக்கு முதல் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இரண்டு வாரம் கழித்து இரண்டாவது. அடுத்தது விசாரணை, அதில் மூன்றாவது கொடுத்தால் அதோடு வேலை போகும்.

நானும் அந்த அட்டவணையைப் பார்த்தேன். என் போர்டை ஒரு பெண் கெடுக்கிறாள் என்று கோபம் வந்தது. கீழே இறங்கிப் போனேன். முதல் தடவையாக அந்த வரிசைக்குப் போனது அன்றுதான், அதையும் எழுதிவிடுகிறேன்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணுறீங்க? ஒரே எடத்துல எல்லாம் உடையுது" என்றேன்.

அஞ்சலை கோலைத் தாங்கியில் வைத்தார். ஈயம் போடாத போர்டு ஒன்றை எடுத்து, காயிலை இறக்கி, என் முகத்துக்கு நேரே ஆட்டினார். காயில் கடகடவென்று ஆடியது.

"என் அண்ணன் சிலுவார என் தம்பி போட்ட மாதிரி இருக்கு மிஸ். நான் எங்கன்னு பிடிச்சுத் தைக்கிறது?"

அண்ணனின் காற்சட்டை தம்பிக்கு என்றதும் பக்கத்து மேசைப் பெண்கள் சிரித்தார்கள். "லொங்கார்லா மிஸ், ரொம்ப லொங்கார்" என்றாள் ஒருத்தி. தளர்வாக இருக்கிறது என்பதை அவர்கள் எல்லோரும் முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

"யார்கிட்ட சொன்னீங்க?"

"கக் ரொஸ்னாகிட்ட. அவங்க பரிசோதன மேச இன்ஸ்பெக்டர்கிட்ட. இன்ஸ்பெக்டர் சொன்னாரு, டிராயிங் மேலருந்து வருது, அது தப்பா இருக்காதுன்னு." அஞ்சலை என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதான் அந்த மேல இருக்கறவங்களா?"

அந்தக் காயிலை ரொஸ்னாவின் மேசைக்கு எடுத்துப் போய், பையில் கொண்டுவந்திருந்த காலிப்பரால் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அளந்தேன். 0.8. துளை 1.5. என் கையெழுத்து எந்தப் படிவத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்று எனக்கு உடனே ஞாபகம் வந்தது.

மேலே போய் என் பிரிவுத் தலைவரிடம் சொன்னேன். அவர் கெட்டவரல்ல. கதவைச் சாத்தச் சொன்னார். இரண்டு வாரத்தில் வாடிக்கையாளர் ஆய்வுக்கு வருகிறார்கள், இப்போது வரைபடம் தவறு என்று எழுத்தில் வந்தால் நம் பிரிவு முழுவதையும் புரட்டிப் பார்ப்பார்கள், ஆய்வு முடியட்டும், அடுத்த திருத்தத்தில் ஓசைப்படாமல் மாற்றிவிடலாம் என்றார். "அந்தப் பெண்?" என்று கேட்டேன். கடிதம்தானே கொடுத்திருக்கிறார்கள், வேலையை விட்டு அனுப்பவில்லையே என்றார்.

நான் சரி என்றேன்.

இந்த இடத்தில் யாரும் எனக்காகச் சமாதானம் தேட வேண்டாம். சின்ன வயது, புது வேலை, மேலதிகாரி சொன்னார் என்று எனக்கே மூன்று காரணம் எழுதத் தெரியும். சரி என்று சொன்ன வாய் என்னுடையது.

நான்காம் நாள் அஞ்சலையைப் பயிற்சி மூலையில் பார்த்தேன். அவருக்கு மறுபயிற்சி என்று உத்தரவாம். புதிய பெண்கள் கட்டும் மஞ்சள் தலைத்துணியை அவர் தலையிலும் கட்டியிருந்தார்கள். ஒரு மாதம் முன்பு அவரிடம் கற்றுக்கொண்ட பெண் இப்போது அவருக்குப் பக்கத்தில் நின்று, சூட்டுக்கோலை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அட்டையைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தாள். வாசிக்க வாசிக்க அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்தது. "வாசிலா, எனக்கும் மறந்துபோச்சு" என்று அஞ்சலை அவளைக் கிண்டல் செய்தார். நான் பார்த்துவிட்டு மாடிக்குப் போனேன். படலத்தின் மேல் நாடா ஒட்டினேன்.

பதினோராம் நாள் காலை ரொஸ்னா வரைபட அறைக்கு ஏறி வந்தார். வரிசைத் தலைவி யாரும் அந்தப் படி ஏறி நான் பார்த்ததில்லை. நான் வேலை செய்துகொண்டிருந்த படலத்தின் மேல் ஒரு போர்டை வைத்தார். மலாயில், மெதுவாகத்தான் பேசினார். "நீ அளந்ததை நான் பார்த்தேன். இன்றைக்கு இரண்டு மணிக்கு விசாரணை." அவ்வளவுதான். போய்விட்டார். எனக்குத் தைரியம் வந்தது என்று நினைக்காதீர்கள். ஒருவர் பார்த்திருக்கிறார் என்பது தெரிந்தது, அதனால் எழுந்தேன்.

இரண்டு மணிக்கு முன் மூன்று பொருள்களைச் சேர்த்தேன். என் கையெழுத்துள்ள மாற்றப் படிவம். மூடிக்குக் கீழே உள்ள வெற்றிடம் தெரியத் துளையின் குறுக்கே அறுத்த போர்டு. பிறகு, பரிசோதனை மேசையில் தூசி படிந்து கிடந்த நிராகரிப்புப் பதிவேடு. இந்த மூன்றாவதைக் கேட்டு யாருமே அதுவரை வரவில்லையாம்.

விசாரணை அறையில் தேவராஜன், பணியாளர் பிரிவு அதிகாரி, ரொஸ்னா, அஞ்சலை. அஞ்சலை மஞ்சள் துணியோடுதான் உட்கார்ந்திருந்தார்.

"மிஸ், நீங்க இந்தக் கேஸ்ல இல்ல" என்றார் தேவராஜன்.

"கேஸே என்னுதுதான் சார்" என்று படிவத்தை வைத்தேன்.

அவர் படித்தார். அறுத்த போர்டைத் திருப்பிப் பார்த்தார். "டிராயிங் தப்புன்னா அது வேற மீட்டிங். இங்க இவங்க வேலையப் பத்திப் பேசுறோம். ரிஜெக்ட் பண்ண வேண்டிய போர்டுல புள்ளி வெச்சுப் பாஸ் பண்ணி விட்டது யாரு? சார்ட் பொய் சொல்லாது."

"ரிஜெக்ட் பண்ணா வரிசை நிக்கும் சார்" என்றார் அஞ்சலை. "நின்னா மொதல்ல கத்துறது நீங்கதான்."

நான் பதிவேட்டைத் திறந்தேன். மற்ற ஐந்து பேரின் காயில் போர்டுகள் பரிசோதனை மேசையிலேயே நிராகரிக்கப்பட்டுத் தொழிற்சாலைக்குள்ளேயே நின்றுவிட்டன. அதன் பிறகு எல்லாக் காயில் போர்டும் அஞ்சலையிடம் போயின. வெளியே போனது அவர் செய்தது மட்டும். வெளியே போனதுதானே திரும்பி வரும்? தேவராஜன் எண்ணியது திரும்பி வந்தவற்றை. அவருடைய அட்டவணை காட்டியது இந்த ஆறு பேரில் யாருடைய கை நல்ல கை என்பதை. அதை அவர் தலைகீழாக வாசித்து, நல்ல கைக்கு மஞ்சள் துணி கட்டியிருந்தார்.

தேவராஜன் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். நேர்மையான மனிதர், முகம் மாறியது. பிறகு கேட்டார், "இது உங்களுக்கு எப்பத் தெரியும் மிஸ்?"

"பதினோரு நாளாத் தெரியும் சார்."

அஞ்சலை என் பக்கம் திரும்பினார். அதுவரை ரொஸ்னா அவரிடம் அதைச் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மூன்றாவது கடிதம் கிடையாது என்று முடிவானது. மறுபயிற்சி ரத்து. நாளைக் காலை பழைய மேசைக்குப் போகலாம்.

"மொத ரெண்டு லெட்டர்?" என்று அஞ்சலை கேட்டார்.

பணியாளர் பிரிவு அதிகாரி குழைவாகச் சொன்னார்: "அது முறைப்படி குடுத்தது. ஃபைல்ல போனது போனதுதாம்மா. ஒரு வருஷம் கழிச்சா தானா செத்துப்போயிடும். கவலப்படாதீங்க."

"அப்ப நானும் ஒரு வருஷம் கழிச்சு வரேன் சார்" என்றார் அஞ்சலை. மஞ்சள் துணியை அவிழ்த்து, நான்காக மடித்து, மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். அவர் மறுபடி வரவில்லை. ஒரு வருடம் கழித்தும் வரவில்லை.

எனக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. மூல காரணத்தைக் கண்டுபிடித்தவள் என்று அறிக்கையில் என் பெயர் இருந்தது. ஆய்வுக்கு வந்தவர்கள் அதைப் பாராட்டினார்கள். என் பிரிவுத் தலைவர் எல்லோர் முன்னாலும் என் கையைக் குலுக்கினார். அடுத்த ஆண்டு பதவி உயர்வு. நீங்கள் இப்போது நிற்கும் இந்த மேசை அப்படித்தான் எனக்கு வந்தது. ஒன்பது வருடமாக இதில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு நாளும் சௌகரியமாக உட்காரவில்லை.

உங்கள் கணினியில் துளைகளும் பேடுகளும் பட்டியலாகத் தயாராக இருக்கின்றன. விரலால் தட்டினால் வந்து உட்காருகின்றன. அந்தப் பட்டியலையும் ஒரு மனிதர்தான் போட்டார், அவரும் ஏதோ ஒரு கட்டத்தை விட்டிருப்பார். உதிரிக் காலின் பருமனை அளந்து பாருங்கள். ஒரே மாதிரியை அளந்துவிட்டு நிறுத்தாமல் ஐந்தாறை அளங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு முதல் நாள் போர்டுகள் வரும்போது கீழே போய் டச்-அப் மேசைக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். சூட்டுக்கோல் ஒவ்வொரு போர்டிலும் ஒரே இடத்துக்கே போகிறதா? அந்த இடம் உங்களுடையது. அந்தப் பெண்ணின் கையைக் குறை சொல்லாதீர்கள். உங்கள் தவறை அவள் மூடிக்கொண்டிருக்கிறாள், மூடி எவ்வளவு பளபளப்பாக இருக்கிறதோ அவ்வளவு ஆபத்தில் அவள் இருக்கிறாள். தவறு என்று தெரிந்த அந்த மணியிலேயே எழுதுங்கள். யார் கதவைச் சாத்தச் சொன்னாலும் சாத்தாதீர்கள்.

விசாரணை முடிந்த அன்று நான் நேரே என் மேசைக்குப் போனேன். ஐந்து மணிக்கு வாசலுக்கு வந்தேன். ஃபெர்ரிக்குப் போகும் தொழிற்சாலை பஸ்ஸுக்காக அஞ்சலை பையோடு நின்றுகொண்டிருந்தார். வேலையை விட்டாலும் வீட்டுக்குப் போக அந்த பஸ்தான். ரொஸ்னா அவருக்குப் பக்கத்தில் நின்றார். என்ன சொல்வது என்று தெரியாமல், "டிராயிங்கத் திருத்திட்டேன்க்கா" என்றேன்.

"திருத்த எவ்ளோ நேரம் ஆச்சு மிஸ்?"

இரண்டு ஒட்டிகளை உரித்து, வேறு இரண்டை ஒட்டி, துளை அட்டவணையில் ஒரு வரியை மாற்றி, கையெழுத்துப் போட்டிருந்தேன்.

"நாப்பது நிமிஷம்."

அஞ்சலை தலையாட்டினார். ரொஸ்னாவிடம் திரும்பி அதையே மலாயில் சொன்னார், "நாற்பது நிமிடமாம்." பஸ் வந்தது. இருவரும் ஏறிப் போனார்கள்.